ஊதாவின் காலி வரிசை

ஆறு கோழிக்குஞ்சுகளுக்கும் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தோம். இரண்டு மாதத்துக்குள் ஆறும் ஒரே வெள்ளையாகிவிடும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தாபோடியில் ராணுவப் பொறியியல் கல்லூரியைத் தாண்டியிருந்த குவார்ட்டர்ஸில் தரைத்தள வீடு எங்களுடையது. அப்பா ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அம்மா கான்வென்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு எட்டு. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ். வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும்.

ஆகஸ்ட் மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் சைக்கிளின் பின்னால் அகலமான மூங்கில் கூடையைக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். உடைந்த பிளாஸ்டிக் சாமான் கொடுத்தால் குஞ்சு தருவார். கூடைக்குள் சாயத்தில் முக்கி எடுத்த குஞ்சுகள்: பச்சை, ரோஸ், ஆரஞ்சு, ஊதா. நடுவில் ஒன்றிரண்டு மட்டும் பிறந்த மஞ்சளிலேயே இருந்தன. விரிசல் விட்ட வாளி ஒன்றையும் இரண்டு மக்குகளையும் அம்மா கொடுத்தாள். எட்டு குஞ்சுகள் வந்தன.

"வளந்தா முட்டையாவது கெடைக்கும்" என்றாள் அம்மா.

டிவி வந்த அட்டைப்பெட்டியில் மரத்தூள் பரப்பி, அறுபது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார் அப்பா. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வியாழக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து மின்சாரம் இருக்காது. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் பல்பையும் வியாழக்கிழமையையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. முதல் வியாழன் பள்ளிவிட்டு வந்தபோது இரண்டு விறைத்துக் கிடந்தன. அதன்பின் வியாழன்தோறும் கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, அப்பாவின் பழைய சாக்ஸுக்குள் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனோம். மீதி ஆறும் பிழைத்தன: பச்சை, ஆரஞ்சு, மஞ்சள், பெரிய ரோஸ், சின்ன ரோஸ், ஊதா. ஊதா தங்கையுடையது. கூடையிலிருந்து அவள் கையால் எடுத்தது அது ஒன்றைத்தான்.

முதல் மூன்று வாரம் அவற்றுக்குள் மேல், கீழ் எதுவும் இல்லை. ஒன்றுக்கு ஒரு பூச்சி அகப்பட்டால் அதை விழுங்காமல் அலகில் பிடித்துக்கொண்டு ஓடும். மற்ற ஐந்தும் துரத்தும். ஒன்று பறிக்கும், பறித்தது ஓடும். யார் துரத்துகிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்பது நிமிடத்துக்கு ஒரு தரம் மாறும். ஊதாவும் இரண்டு முறை பூச்சியோடு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காம் வாரம், வீட்டுக்குப் பின்னால் சுபாபுல் மரத்தடியில் பேக்கிங் பலகையும் கம்பிவலையும் வைத்து அப்பா கூண்டு அடித்தார். குஞ்சுகள் அதற்குள் போன பிறகு விளையாட்டின் முகம் மாறியது. இரண்டு குஞ்சுகள் எதிரெதிரே நிற்கும். கழுத்து மயிர் சிலிர்க்கும். நெஞ்சோடு நெஞ்சு மோதிக் குதிக்கும். ஐந்தாறு நொடி. பிறகு ஒன்று தலையைத் தாழ்த்தித் திரும்பிவிடும். அதோடு சரி. அந்த இரண்டுக்கும் இடையில் மறுபடி சண்டை வராது. தலை தாழ்த்தியது, மற்றது நெருங்கினாலே வழிவிடும். வழிவிட மறந்தால் பிடரியில் ஒரு கொத்து.

கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தில் கட்டம் போட்டேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஆறு பெயர்கள், கொத்துபவை. மேலே குறுக்காக அதே ஆறு பெயர்கள், கொத்து வாங்குபவை. பள்ளிவிட்டு வந்து தீனி வைத்ததும் அரை மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்காருவேன். ஒரு கொத்துக்கு ஒரு கோடு. யாரும் சொல்லிச் செய்யவில்லை. வாரம் முடிந்ததும் கோடுகளைக் கூட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் சாயம் போகத் தொடங்கியது. இறகு முளைக்க முளைக்க, நிறம் நுனியில் மட்டும் நின்று, பிறகு உதிர்ந்து, எல்லாம் வெள்ளையாயின. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து அந்தந்த நிறத்தை அதனதன் காலில் கட்டினோம். பெரிய ரோஸுக்கு இரண்டு சுற்று, சின்ன ரோஸுக்கு ஒரு சுற்று.

பச்சை எல்லாவற்றையும் கொத்தியது. பச்சையை ஒன்றும் கொத்தவில்லை. அதற்குக் கீழே விநோதம் ஒன்று இருந்தது. பெரிய ரோஸ் ஆரஞ்சைக் கொத்தும். ஆரஞ்சு மஞ்சளைக் கொத்தும். மஞ்சள் பெரிய ரோஸைக் கொத்தும். அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன்.

"தப்பா எழுதியிருக்கலே" என்றார். "சூப்பர்வைசர் என்னயத் திட்டலாம், ஃபோர்மேன் சூப்பர்வைசரத் திட்டலாம். நான் போயி ஃபோர்மேனத் திட்ட முடியுமா?"

"கோழிக்கு ஃபோர்மேன் கெடயாதுப்பா."

"எல்லாத்துக்கும் உண்டு. நல்லாப் பாரு."

மூன்று நாள் நல்லாப் பார்த்தேன். மஞ்சள் பெரிய ரோஸைக் கொத்திக்கொண்டுதான் இருந்தது.

சின்ன ரோஸ் ஐந்தாவது. மேலே உள்ள நான்கிடமும் வாங்கும். ஊதாவை மட்டும் கொத்தும். ஊதாவின் வரிசை காலியாக இருந்தது. கொத்து வாங்கியதற்கான அதன் பத்தியில் கோடுகள் நெருக்கி நெருக்கி விழுந்து, கட்டத்துக்கு வெளியே போய்விட்டன.

ஒரு நாள் நோட்டைத் திறந்தால் ஊதாவின் வரிசை முழுக்கக் கோடுகள். பென்சிலில், அழுத்தி அழுத்திப் போட்டவை. பச்சையைக் கூட ஊதா ஏழு முறை கொத்தியிருந்தது.

"ஏட்டி, இது யாரு போட்டா?"

"ஊதாதான் கொத்திச்சு" என்றாள் தங்கை. "நீ பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்கு முன்னாடி. நீ பாக்கல."

அழிரப்பரால் தேய்த்தேன். அழுத்தம் போகவில்லை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது; அடுத்த இரண்டு தாள்களிலும் அந்தக் கோடுகளின் பள்ளம் தெரியும். சில வருடங்களுக்கு முன், வாகட் பகுதியில் பதினோராவது மாடியில் இருக்கும் அவள் வீட்டுக்கு அதை எடுத்துப்போய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நான்தான் போட்டேன், உனக்கு அப்பவே தெரியும்லா" என்றாள்.

அக்டோபர் வெயிலில் ஊதாவின் வாலடியில் இறகு போய்த் தோல் தெரிந்தது. பிறகு ரத்தம். அப்பா சிவப்பு மருந்தை எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் முழங்கால் சிராய்ப்பு, பிளேடு வெட்டு, எறும்புக்கடி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மருந்துதான். பஞ்சில் தொட்டு வாலடி முழுக்கத் தாராளமாகத் தடவினார். வெள்ளைக் கோழியின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அப்படியே கூண்டுக்குள் விட்டார்.

ஐந்தும் நிமிர்ந்து பார்த்தன. முதலில் ஓடி வந்தது பச்சை. பிறகு எல்லாமே. கட்டம் போட்டுப் பார்த்த இத்தனை வாரத்தில், மேல் கீழ் பார்க்காமல் ஐந்தும் சேர்ந்து ஒரே இடத்தைக் கொத்தியதை அன்றுதான் பார்த்தேன். அப்பா கையை உள்ளே விட்டு ஊதாவை இழுத்து எடுத்தார். அவர் மணிக்கட்டிலும் இரண்டு கொத்து.

துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். சாதாரா ஊர்ப் பக்கத்துக்காரர், எங்களுக்குக் காகூ; மராத்தியில் சித்தி என்று அர்த்தம். அவர் மராத்தியில் பேசுவார், நாங்கள் இந்தியில் பதில் சொல்வோம்.

"கோழிக்குக் குங்குமம் வச்சு அலங்காரமா?" என்றார். "சிவப்பைக் கண்டா அதுங்க விடுமா? மஞ்சள் தூள் இல்லையா உங்க வீட்டுல?"

"மருந்து" என்றார் அப்பா.

"மருந்துதான். அதுங்களுக்கு அது மட்டன்."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மணிக்கட்டில் அம்மா தடவிவிட்டதும் அதே சிவப்பு மருந்துதான்.

ஊதா அடுப்படிக்கு வந்தது. பரணுக்கடியில் ஒரு காய்கறிக் கூடை அதன் வீடு. தங்கை மஞ்சள் தூளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவினாள். கோதுமைக் குருணை, ஊறவைத்த கம்பு, அவள் தட்டிலிருந்து சோறு. மூன்று வாரத்தில் புண் ஆறி இறகு குருத்துவிட்டது. எடையும் ஏறியது. அம்மா திருத்த வைத்த பரீட்சைத் தாள்களின்மேல் படுத்துத் தூங்கியது. அம்மா இட்லி ஊற்றும்போது கால் பெருவிரலைக் கொத்தியது.

"இங்க மட்டும் இதுக்கு வீரத்தப் பாரு" என்றாள் அம்மா.

தங்கை பெருமையாக என்னைப் பார்த்தாள். "இத எழுது."

"நோட்டுல அம்மாவுக்குக் கட்டம் இல்ல."

டிசம்பரில் ஊருக்குப் போக வேண்டும். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ரயில் ஏறினால் மூன்று வாரம் கழித்துத்தான் திரும்புவோம். கோழிகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அம்மா காகூவிடம் கேட்டாள்.

"கூண்டுல இருக்கிறதுக்குத் தீனி போடறேன், தண்ணி வைக்கிறேன்" என்றார் காகூ. "அந்த மகாராணியை அடுப்படியில வச்சுச் சீராட்ட என்னால முடியாது. எங்க வீட்டுல பூனை இருக்கு. அது கூண்டுக்குள்ள போனா சரி. போகலைன்னா போறதுக்கு முன்னாடி குழம்பு வச்சுச் சாப்பிட்டுட்டுப் போங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "மகாராணி என்ன மகாராணி, ஆறும் சேவல். கொண்டையைப் பாருங்க. முட்டை முட்டைன்னு காத்துட்டு இருந்தீங்களே."

அம்மாவுக்கு அது பெரிய ஏமாற்றம். தங்கை முட்டையைப் பற்றிய பேச்சையே கேட்கவில்லை. "ஊதா கூண்டுக்குள்ள போகலேன்னா நான் ரயிலுக்கு வரல" என்றாள்.

"வராத. காகூ வீட்டுல கெட" என்றார் அப்பா.

"கெடக்கேன்."

அவள் முகத்தைப் பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை விட்டுப் பார்ப்போம் என்றார் அப்பா.

அந்த ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் ஊதாவைக் கூண்டில் விட்டோம். இப்போது அது பச்சைக்குச் சமமான உருவம். சமாளித்துவிடும் என்று நானும் நினைத்தேன். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் பார்க்காத ஐந்துக்கும் அது அந்நியன். பச்சை இரண்டு கொத்துக் கொத்திவிட்டுத் தீனிக்குப் போய்விட்டது. மற்றவையும் அப்படியே. சின்ன ரோஸ் மட்டும் விடவில்லை. ஊதா மூலைக்குப் போனால் மூலைக்கு வந்தது. தண்ணீருக்குப் போனால் அங்கே வந்தது. பத்து நிமிடத்தில் ஊதா வலையில் தலையைச் செருகிக்கொண்டு அசையாமல் நின்றது. எடுத்துவிட்டோம். புதன்கிழமை மறுபடி முயன்றோம். அதே கதை. வாலடியில் புது இறகு இரண்டு போயிற்று.

அன்று சாயங்காலம் அடுப்படித் தரையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். செப்டம்பரிலிருந்து ஊதா வாங்கிய கோடுகளை யார் யார் கொடுத்தது என்று தனித்தனியாகக் கூட்டினேன். பச்சையின் பங்கு நான் நினைத்ததைவிட மிகக் குறைவு. பாதிக்கு மேல் சின்ன ரோஸ். இத்தனை நாள் தினமும் பார்த்து எழுதியும், பயப்பட வேண்டியது பச்சைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியதை ஒருமுறையாவது உட்கார்ந்து படித்திருந்தால் சிவப்பு மருந்துக்கு முன்பே தெரிந்திருக்கும்.

"சின்ன ரோஸ வெளிய எடுத்திருவோம்" என்றேன். "ஊதாவ உள்ள விடுவோம்."

தங்கை யோசித்தாள். "சின்ன ரோஸ் பாவம்லா?"

"அஞ்சாறு நாளுதான்."

வியாழன் காலை சின்ன ரோஸ் காய்கறிக் கூடைக்கு வந்தது, ஊதா கூண்டுக்குப் போனது. முதல் நாள் நான்கும் கொத்தின, ஆனால் தொடரவில்லை. இரண்டாம் நாள் ஊதா தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று சிதறியதைப் பொறுக்கியது. ஐந்தாம் நாள் தட்டின் விளிம்பில் அதன் தலையும் இருந்தது. தங்கை பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் கூண்டின் முன்னால் நின்றாள். பின்னலில் இருந்த சிவப்பு ரிப்பனை மட்டும் அவிழ்த்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சின்ன ரோஸுக்கு அடுப்படி பிடிக்கவில்லை. அது யாருடைய விரலையும் கொத்தவில்லை. கூடையின் ஓரத்தில் ஒடுங்கி, பின்கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் அதைக் கொண்டுபோய்க் கூண்டில் விட்டேன். ரயிலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

பச்சை வந்து கொத்தியது. ஆரஞ்சு கொத்தியது. மஞ்சளும் பெரிய ரோஸும் கொத்தின. சின்ன ரோஸ் தலை தாழ்த்தி ஒதுங்கியது. அது ஒதுங்கிய பக்கத்தில் ஊதா நின்றுகொண்டிருந்தது. ஊதாவின் கழுத்து மயிர் மெல்ல எழும்பியது. சின்ன ரோஸ் நிமிரவில்லை. ஊதா ஒரு அடி முன்னால் வந்து அதன் பிடரியில் கொத்தியது. பிறகு இன்னொன்று. கொஞ்சம் விலகி நின்று, தீனிக்குப் போகாமல், மறுபடி வந்து கொத்தியது.

நோட்டைத் திறந்தேன். பேனா கையில் இருந்தது. ஊதாவின் வரிசையில், அழித்த பென்சில் தடத்தின்மேல், முதல் கோட்டைப் போடப் போனேன்.

"எழுதாத" என்றாள் தங்கை.

"நீதானே எழுதச் சொன்ன, அன்னைக்கு?"

"இது வேண்டாம்."

"நெசமா நடந்ததுட்டி."

"அதனாலதான் வேண்டாங்கேன்."

மூன்று கோடுகளையும் போட்டேன். அவள் கூண்டுக் கதவருகே குத்துக்காலிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சின்ன ரோஸ் தட்டுப் பக்கம் வர முயன்றதையும் ஊதா குறுக்கே போய் நின்றதையும் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு வரிசையில் இடம் மாறிய விஷயம். ஊதா ஐந்தாவது, சின்ன ரோஸ் ஆறாவது. வேலை முடிந்தது, ரயில் ஏறலாம் என்று அப்பாவிடம் சொல்லப் போனேன்.

திரும்பி வந்தபோது கூண்டுக்குள் இன்னொரு அலுமினியத் தட்டு இருந்தது. அடுப்படியில் நாங்கள் அரிசி புடைத்துக் கொட்டி வைக்கும் தட்டு. கூண்டின் எதிர் மூலையில் வைத்து அதிலும் கம்பு போட்டிருந்தாள். ஐந்தும் முதல் தட்டில் நெருக்கியடித்தன. சின்ன ரோஸ் இரண்டாவதில் தனியாகத் தின்றது. ஊதா அதைக் கண்டு அந்தப் பக்கம் ஓடியபோது சின்ன ரோஸ் சுற்றிக்கொண்டு முதல் தட்டின் காலியிடத்துக்கு வந்துவிட்டது.

"ரெண்டு தட்டு வச்சா ரெண்டுக்கும் ஒரே ஆளு காவல் நிக்க முடியாதுல்லா" என்றாள் தங்கை.

மூன்று மாதமாகக் கட்டம் போட்டவனுக்கு அது தோன்றவில்லை.

காகூவிடம் அவளே போய்ச் சொன்னாள். தீனி கண்டிப்பாக இரண்டு தட்டில் போட வேண்டும், இரண்டும் எதிரெதிர் மூலையில் இருக்க வேண்டும்.

"கோழிக்குப் பந்தி விசாரிக்கணுமா?" என்று சிரித்தார் காகூ. "இலை போடணுமா, தட்டு போதுமா?"

"தட்டு போதும் காகூ" என்றாள், சிரிக்காமல்.

ரயிலில் அவள் பேச்செல்லாம் கோழியைப் பற்றித்தான். ஆனால் ஊதாவைப் பற்றி அதிகமில்லை. சோலாப்பூர் தாண்டும்போது, "சின்ன ரோஸ் தண்ணி குடிக்குமா? தண்ணி ஒரு கிண்ணம்தான வச்சோம்" என்று கேட்டாள். அம்மா, "காகூ வைப்பா, தூங்கு" என்றாள்.

ஜனவரி இரண்டாம் வாரம் திரும்பினோம். ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்குவதற்குள் அவள் பின்பக்கம் ஓடிவிட்டாள். நானும் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஆறும் இருந்தன. கொண்டை சிவந்து, வால் வளைந்து, எல்லாம் சேவலாகியிருந்தன. தண்ணீர்க் கிண்ணம் இரண்டு. தீனித் தட்டு மூன்று.

காலில் நூல் இல்லை.

"கால் தடிச்சுப் போச்சு, நூல் சதைக்குள்ள இறங்கிட்டு இருந்துது" என்றார் காகூ. "எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சேன். ஏன், எல்லாம் வெள்ளைதானே, என்ன வித்தியாசம்?"

நான் வலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பச்சை எது என்று ஊகிக்க முடிந்தது, மற்றவை வழிவிட்டன. மற்ற ஐந்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து தள்ளி, சுபாபுல் நிழலில் ஒற்றையாக நின்றது. அது சின்ன ரோஸாக இருக்கலாம். மூன்று வாரத்தில் இடம் மறுபடி மாறி, ஊதாவாகவும் இருக்கலாம். வாலடிப் புண்ணை இறகு மூடிவிட்டிருந்தது. அந்த மார்ச்சில், விடியற்காலைக் கூவலுக்கு மேல்மாடிக்காரர்கள் சத்தம் போட்டு, காகூவின் ஊருக்கு ஆறையும் அனுப்பும் வரையிலும் அதை நான் உறுதி செய்துகொள்ளவில்லை. அந்த நோட்டில் டிசம்பருக்குப் பிறகு ஒரு பக்கமும் இல்லை.

தங்கை கம்பு டப்பாவோடு வந்தாள்.

"அதுல எதுட்டி ஊதா?" என்று கேட்டேன்.

அவள் மூன்றாவது தட்டை எடுத்து, தனியாக நின்றதற்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். டப்பாவைச் சாய்த்தாள். அது தின்னத் தொடங்கும் வரை மற்ற ஐந்துக்கும் குறுக்கே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.